கான்டெராவில் சாண எரிவாயு: ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்த்தால் பிழை வருகிறது

குலசேகரம் மாணவி:
வணக்கம். எங்கள் ரப்பர் ஷீட் கொட்டகைக் கழிவுநீரும் மாட்டுச் சாணமும் சேரும் கலனில் இருந்துதான் வீட்டு அடுப்புக்கு வாயு வருகிறது. வால்வைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பர்னரும் சீக்கிரம் அரித்துப்போகிறது. இதையே புராஜெக்டாக எடுத்திருக்கிறேன்.

மீத்தேன் 60, கார்பன் டை ஆக்சைடு 39.8, ஹைட்ரஜன் சல்ஃபைடு 0.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். சுடர் வேகமும், வெளியேறும் கந்தக டை ஆக்சைடின் அளவும் தெரிய வேண்டும். எரிதல் வேதியியலைக் கணக்கிடும் கான்டெரா 3.0 மென்பொருளை பைதானில் ஓட்டுகிறேன்; சேர்மங்களும் வினைகளும் அதோடு வரும் ஜிஆர்ஐ30 கோப்பிலிருந்து. ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சேர்த்ததும் ‘அறியாத சேர்மம்’ என்று நின்றுவிடுகிறது. எடுத்துவிட்டால் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

தக்கலை நண்பர்:
கான்டெராவோடு வரும் நாசா கேஸ் கோப்பில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அந்தப் பதிவை உங்கள் கோப்பில் ஒட்டி, தனிமப் பட்டியலில் கந்தகத்தைச் சேருங்கள். பிழை போய்விடும்.

நாகர்கோவில் ஆய்வாளர்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. பிழை போகும், விடை தப்பாக வரும்.

உங்கள் கோப்பில் இருக்கும் ஜிஆர்ஐ 3.0 வினைத்தொகுப்பு இயற்கை எரிவாயுவுக்காகச் செய்தது. அதில் 53 சேர்மங்கள், 325 வினைகள். தனிமங்கள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் மட்டும்தான். கந்தகம் பங்கெடுக்கும் வினை ஒன்றுகூட இல்லை. நாசா கோப்பில் இருப்பது வெப்பத் தரவு மட்டும். அதை ஒட்டினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எதனோடும் வினைபுரியாமல், போன அளவிலேயே வெளியே வரும். சுடர் கணக்கிலாவது கடத்தல் தரவு (வெப்பமும் சேர்மமும் வாயுவில் எப்படிப் பரவும் என்ற தரவு) இல்லை என்று இன்னொரு பிழை வந்து காப்பாற்றும். ஒரே கலனில் வாயு எரிவதாக வைத்துப் போடும் ரியாக்டர் கணக்கு சத்தமே இல்லாமல் ஓடி முடிந்துவிடும். அதைப் பார்த்து ‘கந்தகம் எரியவே இல்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டால் என்ன ஆவது?

குலசேகரம் மாணவி:
அப்போ எனக்கு வேண்டிய இரண்டும் கிடைக்காதா அண்ணா?

நாகர்கோவில் ஆய்வாளர்:
கிடைக்கும், தனித்தனியாக. சுடர் வேகத்துக்கு 0.2 சதவீதத்தை விட்டுவிடலாம். வேகத்தைக் குறைப்பது அந்த 40 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுதான். தூய மீத்தேனுக்கு, தேவையான அளவு காற்றோடு, அறை வெப்பத்தில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நொடிக்கு 38 சென்டிமீட்டர் அளவில் வர வேண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள். அழுத்தத்தை பாஸ்கலில் கொடுக்க வேண்டும், அதாவது 101325. வெறும் 1 என்று எழுதினால் கிட்டத்தட்ட வெற்றிடத்தில் அடுப்பு பற்றவைக்கிற கணக்காகிவிடும்.

கந்தக டை ஆக்சைடுக்குக் காகிதமும் பேனாவும் போதும். முழுதாக எரிந்தால் ஒரு மோல் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு ஒரு மோல் கந்தக டை ஆக்சைடு. உங்கள் வாயு ஒரு பங்குக்கு, தேவையான அளவு காற்று மட்டும் விட்டால், நீராவியோடு சேர்த்து 6.7 பங்கு புகை வரும். ஆக உங்கள் 0.2 சதவீதம், அதாவது 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு) என்பது புகையில் சுமார் 300 பிபிஎம். இதை நாசா கோப்பை வைத்துச் சமநிலைக் கணக்காகப் போட்டும் ஒப்பிடலாம். சமநிலைக்கு வினைகள் வேண்டாம், வெப்பத் தரவே போதும்.

தக்கலை நண்பர்:
சரி, புரிந்தது. கொட்டகையில் ரப்பர் பால் உறைய வைப்பது ஃபார்மிக் ஆசிடா, சல்ஃப்யூரிக் ஆசிடா? சல்ஃப்யூரிக் என்றால் நாற்றத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. அதிலுள்ள சல்ஃபேட்டைக் கலனில் உள்ள பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும்.

குலசேகரம் மாணவி:
சல்ஃப்யூரிக்தான், விலை குறைவு என்று அப்பா வாங்குவார். தூய மீத்தேனுக்கு 38 பக்கம் வந்துவிட்டது. கந்தக வினைகளோடு சுடரை ஓட்ட வேண்டும் என்றால்?

நாகர்கோவில் ஆய்வாளர்:
கந்தக வினைகள் உள்ள, ஆய்வுக் கட்டுரையோடு வெளியான வினைத்தொகுப்பு ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் கெம்கின் என்ற வேறொரு மென்பொருளின் வடிவில் இருக்கும். கான்டெராவின் சிகே2யாமல் கருவியால் மாற்றலாம். வினைக் கோப்போடு வெப்பத் தரவு, கடத்தல் தரவு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். கடத்தல் தரவை விட்டால் மாற்றம் நடக்கும், சுடர் ஓடாது.