ஸ்கேலபிலிட்டிக்கு "ஈடுகொடுதிறன்": ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். கொடுக்கல் வாங்கல்களைக் கட்டம் கட்டமாகத் தொடுத்துப் பல கணினிகளில் ஒரே பேரேடாகப் பேணும் கட்டச்சங்கிலி (பிளொக்செயின்) வலையமைப்புகளைப் பற்றி நம் பாடக்குறிப்பில் எழுதும்போது, சுமை பெருகினாலும் சமாளிக்கும் திறனைக் குறிக்கும் "ஸ்கேலபிலிட்டி" என்பதற்கு எந்தச் சொல்லைக் கையாள்வது என்று ஒரு கிழமையாக நடைபெறும் உரையாடலில் அளவிடுதன்மை, விரிவாக்கத்திறன், கொள்ளளவு ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. நான்காவதாக "ஈடுகொடுதிறன்" என்பதை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவிடுதன்மையை விரைவாகவே விலக்கிவிடலாம். அளவிடுதல் என்றால் அளந்து பார்த்தல். "இந்த வலையமைப்பு அளவிடக்கூடியது" என்று படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர், அதன் நீள அகலத்தை அளக்கலாம் போலும் என்றுதான் எண்ணுவார். இயந்திர மொழிபெயர்ப்புப் பக்கங்களில் இச்சொல் மலிந்து கிடப்பதைத் தவிர அதற்குச் சார்பாக வேறொன்றும் இல்லை. அதே ஆங்கில வேரிலிருந்து வந்த கருத்துகளுக்கு நம் பாடநூல்கள் ஓரிடத்தில் அளவிடைப்படம் என்றும் இன்னோரிடத்தில் எண்ணிக் கணியம் என்றும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. அங்கே வேரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தே சொல்லாக்கியிருக்கிறார்கள்.

விரிவாக்கத்திறன்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டச்சங்கிலியைப் பொறுத்தவரை அது பிழையான எண்ணத்தைத் தரும் சொல். கொழும்புச் செட்டியார் தெருவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நகைக்கடை ஒவ்வொன்றும் தன் விற்பனையை மட்டுமன்றித் தெருவிலுள்ள எல்லாக் கடைகளின் விற்பனையையும் சரிபார்த்துத் தன் பேரேட்டில் பதிய வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நூறு கடைகள் திறந்தாலும் தெரு ஒரு நாளில் பதியக்கூடிய விற்பனைகளின் தொகை கூடாது. எழுதும் கைகள் பெருகினாலும் ஒவ்வொரு கையும் எழுத வேண்டியது அதே முழுக் கணக்குத்தான். பிட்கொயின் என்ற மறைகுறி நாணயத்தின் (கிரிப்டோகரன்சி) முழுக்கணுக்கள், அதாவது எல்லாக் கணக்கையும் தாமே சரிபார்க்கும் கணினிகள், இப்படித்தான் இயங்குகின்றன. சாதாரண இணையத்தளம் ஒன்றுக்கு மேலும் பத்துச் சேவையகங்களைச் சேர்த்தால் சுமை பகிரப்படும். இங்கே கணுக்களைச் சேர்த்தால் பிரதிகளே பெருகும். ஆகவே, வலையமைப்பு விரிந்தும் அதன் வேலைத்திறன் விரியாமல் இருப்பதையே குறையாகச் சொல்லும் ஓர் இடத்தில், "விரிவாக்கம்" என்ற சொல் குறையையும் தீர்வையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

கொள்ளளவு நல்ல சொல்தான். ஆனால் அது வேறொரு கருத்துக்கு உரியது. பிட்கொயினில் ஒரு கட்டம் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்கிறது. கட்டத்தின் பருமனுக்கு 2010இல் விதிக்கப்பட்ட 1 மெகாபைட் வரம்பின் கீழ் பிட்கொயினால் செக்கனுக்கு ஏறத்தாழ 7 கொடுக்கல் வாங்கல்களுக்கு மேல் பதிய இயலவில்லை. 2017 ஆகஸ்ட் 1ஆம் திகதி பிரிந்து சென்ற பிட்கொயின் காஷ் அணியினர் அந்த வரம்பை 8 மெகாபைட்டாக்கினர். இது கொள்ளளவைக் கூட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் செட்டியார் தெரு மொழியில் சொன்னால், எல்லாக் கடைக்காரரும் எட்டு மடங்கு தடித்த பேரேடு வாங்கி எட்டு மடங்கு எழுத வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பெரிய கடைகள் சமாளித்துக்கொள்ளும். சின்னக் கடை கதவை இழுத்து மூடும். கடைசியில் கணக்கு நாலைந்து பேர் கையில் சேரும். சுமை கூடும்போது ஒவ்வொரு கணுவின் பாடும் அதே வீதத்தில் கூடாமல் சமாளிக்க முடிகிறதா என்பதே நம் சொல் சுட்ட வேண்டிய கேள்வி.

"ஈடுகொடுத்தல்" என்ற வழக்கு இதற்குப் பொருந்துகிறது. எதிரே ஒன்று வளர்ந்துகொண்டே இருக்க, இப்பால் நிற்பது பின்வாங்காமல் அதனோடு நின்றுபிடிப்பதை நாம் அப்படித்தான் சொல்கிறோம். வளர்ச்சியும் அதற்கு எதிர்நிற்றலும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. தாங்குதிறன் என்றால் அசையாத ஒரு பாரம்தான் நினைவுக்கு வரும். மேலும், வினையாகவும் பயன்படாத கலைச்சொல் வசனத்துக்குள் இறங்கியதும் நொண்டும் என்பது என் அனுபவம். ஆகவே சில வசனங்களில் இதைச் சோதித்துப் பார்த்தேன். "எதீரியம் என்ற கட்டச்சங்கிலியில் ஓடிய கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனைக்குட்டி விளையாட்டு 2017 டிசம்பரில் பரவியபோது எதீரியம் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது." "2022 செப்டெம்பரில் எதீரியம், நாணயத்தைப் பணயம் வைத்தோர் கட்டங்களைச் சரிபார்க்கும் பங்குச் சான்று முறைக்கு மாறியதால் மின்நுகர்வு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் அதன் ஈடுகொடுதிறன் அதனால் கூடவில்லை." என் காதுக்கு இரண்டும் இடறவில்லை.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா தனிமடலில் எழுப்பிய தடை கனமானது. ஈடு என்றால் நம் ஊரில் முதலில் அடைமானம் அல்லவா, காணியுறுதியை ஈடு வைத்தவர்கள் வாழும் நாட்டில் பணம் சார்ந்த ஒரு தொழினுட்பத்துக்குள் இச்சொல்லைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். உண்மைதான், இத்துறையிலேயே கடனுக்கு ஈடு வைக்கும் செயலிகளும் இருக்கின்றன. எனினும் "ஈடு வை" என்பதும் "ஈடுகொடு" என்பதும் பேச்சில் ஒருபோதும் மயங்குவதில்லை. துணைவினையே பொருளைப் பிரித்துவிடுகிறது. தனித்து நிற்கும் "ஈடு" என்பதை அடைமானப் பொருளுக்கே விட்டுவிட்டு, நம் சொல்லை எப்போதும் சேர்த்தே எழுதுவோம். சென்னை நண்பர் முன்வைத்த "ஈடுதிறன்" என்ற குறுக்கத்தை நான் ஏற்காததும் இதனால்தான். வினைத்தொகையாதலால் நடுவில் வல்லெழுத்து மிகாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அதே நண்பர் வலையமைப்புக்குப் "பிணையம்" என்று எழுதுகிறார். தமிழ்நாட்டில் அது வேரூன்றிவிட்ட சொல். குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொழும்பில் பிணையங்கள் என்றால் பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் ஆவணங்கள். பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு என்ற பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. மறைகுறி நாணயம் பிணையமா இல்லையா என்பதே பல நாடுகளில் சட்டச் சர்ச்சையாகியிருக்கும்போது, "பிட்கொயின் பிணையம்" என்று இங்கே எழுதினால் ஒரு சட்ட முடிவையே அறிவித்தது போலாகும். ஆகவே இலங்கை வாசகருக்கு வலையமைப்பு என்றே எழுதுவோம்.

இனி "ரோலப்". பல நூறு கொடுக்கல் வாங்கல்களை வெளியே செய்து முடித்து, அவற்றின் சுருக்கத்தையும் தேவையான தரவையும் மட்டும் மூலச் சங்கிலியில் பதியும் முறை இது. எதீரியத்தின் மேல் கட்டப்படும் இரண்டாம் அடுக்கு வலையமைப்புகளின் ஈடுகொடுதிறன் இன்று பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது. இந்தத் தரவை மலிவாக வைப்பதற்கென்றே எதீரியம் 2024 மார்ச்சில் ஏறத்தாழ 18 நாள்கள் மட்டும் பேணப்படும் தனியிடம் ஒன்றைத் திறந்தது. இதற்கு ஒருவர் "சுருட்டு" என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அது புகைக்கும் பொருள். மற்ற இடங்களில் காசைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது. மறைகுறி நாணயத்தின் பெயர் இப்போதே கெட்டிருக்கும்போது நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம். "திரட்டு" போதுமா, அல்லது வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் பதிவுத் திரட்டியோடு மயங்குமா? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன் உங்கள் கருத்து கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து