பி.எஸ்சி. உளவியலில் பாலியலுக்குத் தனித்தாள் வேண்டுமா?

குறிஞ்சிப்பூ: எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். இளங்கலை மூன்று வருடத்திலும் பாலியல் எங்களுக்கு வந்தது அப்நார்மல் சைக்காலஜியில், அதாவது மனநலக் கோளாறுகள் பற்றிய தாளில், ஒரே ஒரு யூனிட்டாக. ஆசை, நெருக்கம், அடையாளம் எல்லாமே நோய்ப் பட்டியலாகத்தான் முதலில் அறிமுகமாயின. அதையும் மேடம் "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிட்டார். தனித்தாள் கட்டாயம் வேண்டும்.

வைகைக்கரை: 22 வருடமாகப் பாடம் எடுக்கிறவன் நான். வேண்டாம் என்கிறேன், கூச்சத்தால் அல்ல. 1938இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் கின்சி திருமணம் பற்றி ஒரு பாடம் தொடங்கினார். அதுவரை குளவிகளை ஆராய்ந்துவந்த விலங்கியலாளர். வகுப்புக்கு வந்த மாணவர்களிடமே அந்தரங்க அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார். எதிர்ப்பு வலுத்தது. பாடமா, ஆராய்ச்சியா என்று பல்கலைக்கழகம் 1940இல் கேட்டபோது பாடத்தை விட்டுவிட்டார். இன்டர்னல் மார்க் போடுகிறவரே இப்படிக் கேட்டால் 18 வயதுப் பெண் எப்படி மறுப்பாள்? அப்புறம், ஆண்களின் பாலியல் நடத்தை பற்றி 1948இல் வந்த அவருடைய புத்தகத்தின் புள்ளிவிவரங்களில் தாமாக முன்வந்தவர்களும் சிறைக் கைதிகளும் அதிகம். அதை வைத்தா நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது?

குறிஞ்சிப்பூ: மார்க் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால் கின்சி ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் என்ன கோளாறு என்று தெரியவாவது ஒரு வகுப்பு வேண்டாமா? நம் நாட்டு ஆய்வும் இருக்கிறது. விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற பயத்தில் சோர்வும் பதற்றமுமாக வருபவர்களின் நிலைக்கு 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்கிறவர்கள் இந்தப் பயத்தை வைத்துத்தானே பிழைக்கிறார்கள்?

இன்டர்ன்ஷிப்பில் முதல் வாரமே ஒரு பையன் இந்தப் பயத்தோடு வந்தான். டாக்டர் கேள்வி கேட்கக் கேட்க, நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் அதைக் கவனித்தான், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டான். இன்னும் மனசு உறுத்துகிறது.

கடலோரம்: 2021 ஜூன் 7 அன்று, தன்பாலின ஈர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'க்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் புரிதல் போதாது என்று ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உளவியல் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அது தேவையில்லையா?

வைகைக்கரை: தேவைதான். முதுகலையில் வைக்கலாமே?

கடலோரம்: பி.எஸ்சி.யோடு வேலைக்குப் போகிறவர்கள்?

வைகைக்கரை: சரி, இளங்கலையிலேயே இருக்கட்டும். ஆனால் அசைன்மென்டில் சொந்த அனுபவம் கேட்கக்கூடாது. சந்தேகங்களைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி முதலில், தாள் அப்புறம். விருப்பப் பாடமாக மட்டுமே இருக்க வேண்டும்.

குறிஞ்சிப்பூ: மற்றதெல்லாம் சம்மதம் சார், கடைசி ஒன்றைத் தவிர. விருப்பப் பாடம் என்றால் "வேறு பாடமே கிடைக்கவில்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வகுப்பில் பாதிப் பெண்கள் எடுக்கவே மாட்டார்கள். கட்டாயம் என்றால் "சிலபஸில் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மேசை மேலேயே வைத்துப் படிக்கலாம்.