திருவிழா மேடையில் இரையும் கிதார்: ஹம்பக்கருக்கு மாறலாமா?

குடந்தை கிதார்:
வணக்கம். கும்பகோணத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் மின்கிதார் வாசிக்கிறேன். அதே கருவியில் வீட்டில் கர்நாடக இசையும் பயில்கிறேன். அதில் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட உறுப்புகள்) உள்ளன. கோயில் திருவிழாக்களில் சீரியல் விளக்குகள் எரியும்போது, பாட்டின் இடைவெளிகளிலெல்லாம் இரைச்சல் நிறைந்துவிடுகிறது. கழுத்துப் பக்கத்து பிக்கப்பை ஹம்பக்கராக, அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்பாக, மாற்ற எண்ணுகிறேன். என்னுடையதன் மின்தடை 6 கிலோ ஓம். கடையில் காட்டியது 8. எண் கூடினால் ஒலியும் கூடும் என்கிறார்கள். மாற்றலாமா?

மன்னை மின்வினைஞர்:
தயங்காமல் மாற்றுங்கள் தம்பி. நீங்கள் கேட்பது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவும் அதன் மடங்குகளும்தான். கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய அமைப்பில், இரு சுருள்களின் இணைப்பும் காந்த முனைகளும் எதிரெதிராக உள்ளன. ஆகவே வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்மாறாக எழுந்து அழிந்துபோகிறது. தந்தியின் அதிர்வு மட்டும் ஒன்றோடொன்று கூடுகிறது.

திருவையாறு வீணை:
விளக்கம் சரி, ஐயா. முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தொடரிணைப்பில் இரு சுருள்கள் சேரும்போது மின்தூண்டல் கூடி, ஒத்ததிர்வு முகடு (பிக்கப் மிகுதியாக ஒலிக்கும் அலைவெண்) கீழே இறங்குகிறது. தந்தியை இரண்டு இடங்களில் ஒருசேர உணர்வதாலும் மேல் சுரச்சாயைகள் (மூலச் சுரத்தோடு சேர்ந்தெழும் நுண்ணொலிகள்) சில மங்குகின்றன. கமகத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும் வழியைக் காதுக்குக் காட்டுவது அந்த நுண்ணொலிகளே என்பது என் வாசிப்பனுபவம். ஓம் கணக்கையும் நம்பாதீர்கள். மெல்லிய கம்பியைச் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும். காந்தம் எது, சுற்று எத்தனை, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை அது சொல்லாது. கிதாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டி, அதைத் தரையிணைப்போடு சேர்த்துப் பாருங்கள்.

மன்னை மின்வினைஞர்:
செப்புத் தகடு மின்புலத்தால் வரும் கரகரப்பைத்தான் தடுக்கும். ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வருவதை அது தடுக்காது. மேடையில் அதன் அருகிலேயே நிற்பவருக்கு அதனால் என்ன பயன்? ஒலி மங்குவதாகப் பலர் வருந்துவதற்கு, ஹம்பக்கரை மாட்டிவிட்டுப் பழைய 250 கிலோ ஓம் வால்யூம் கட்டுப்பாட்டை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு காரணம். 500 வைத்தால் மேல் சுரச்சாயைகள் பெருமளவு திரும்பும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: தற்காலிக மேடைகளில் எர்த் இல்லாத பிளக்குகளைக் கண்டிருக்கிறேன். அது இரைச்சலைவிடப் பெரிய விஷயம். தந்தியைத் தொட்டிருக்கும் கை மைக்கையும் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

திருவையாறு வீணை:
எர்த் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கமகம் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது பிக்கப்பில் தனக்குக் கீழே உள்ள காந்தத் தண்டின் நேரிலிருந்து விலகி, சில பிக்கப்புகளில் ஒலி மெலியும். தனித்தனித் தண்டுகளுக்குப் பதில் நீளப் பட்டை உள்ள பிக்கப்பில் இந்தக் குறை தெரியாது. பிக்கப்பை மிக உயர்த்தி வைத்தாலும் தொல்லைதான். காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியையே பிசகச் செய்யும். ஆகவே, குடந்தைத் தம்பி, செலவு செய்யுமுன் திருகாணியைத் திருப்பிக் கழுத்துப் பக்கத்து பிக்கப்பைச் சற்றே இறக்கிக் கேளுங்கள்.

குடந்தை கிதார்:
இருவருக்கும் நன்றி. பிக்கப்பை இறக்கியதும் காந்தார அசைவு தெளிந்தது. இரைச்சல் மட்டும் குறையவில்லை. நடு பிக்கப்பையும் கழுத்துப் பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கும் நிலையில் சுவிட்சை வைத்தபோது அது வெகுவாகத் தணிந்தது. காரணம் புரியவில்லை.

மன்னை மின்வினைஞர்:
உங்கள் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றி, எதிர் முனைக் காந்தம் வைத்ததாக இருக்கும். காந்த ஊசியை அருகில் கொண்டுபோனால், மற்ற இரண்டும் இழுக்கும் முனையை இது தள்ளும். அப்படியானால் சேர்த்து வாசிக்கும்போது அவை ஹம்பக்கர் போலவே இரைச்சலை அழிக்கும். மேடைக்கு அந்த நிலையே போதும்.

திருவையாறு வீணை:
மேடைக்குச் சரி. ஆலாபனைக்குக் கழுத்துப் பிக்கப் தனியாகவே ஒலிக்கட்டும்; அதை மாற்ற வேண்டாம்.