புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு சிகே அதிகம், காரணம் தைராய்டு

முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி) இருக்கிற எனக்கு ரத்தத்தில் சிகே, அதாவது தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, 640 என்று அதிகமாக வந்ததே, தசை அழற்சியாக இருக்குமோ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தைராய்டைப் பாருங்கள்" என்றவர்தான் சரியாகப் பிடித்தார்.

கடினமான உடற்பயிற்சியாலும் சிகே கூடும் என்பதால், முதலில் அதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தப் பரிசோதனை எடுத்தோம், பெரிதாக இறங்கவில்லை. சிகேவைக் கூட்டக்கூடிய கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டாட்டினும் நான் எடுப்பதில்லை. அப்புறம் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்தால் 38! ரொம்ப அதிகம், அதாவது தைராய்டு சுரப்பு குறைவு. லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பிறகு சிகே மெல்ல மெல்ல இறங்கி, இப்போது 150. படியேறும்போது தொடையில் இருந்த கனமும் போய்விட்டது. விரல் மூட்டுகளில் காலை இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது; அது முடக்குவாதத்தின் கணக்கு.

எதிர்பாராத ஒன்று: கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகள் கூடியிருந்ததால், முடக்குவாதத்துக்கு நான் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கிறதோ என்று மருத்துவர் அளவைக் குறைக்க யோசித்தார். அவை இரண்டும் தசையிலிருந்தும் வரும், குறிப்பாக ஏஎஸ்டி. தசையிலிருந்து வராத கல்லீரல் நொதியான ஜிஜிடி எனக்குச் சரியாகவே இருந்தது, அதுதான் துப்பு. சிகே இறங்கியதும் அவையும் இறங்கின. மெத்தோட்ரெக்சேட் அளவு மாறவில்லை.

கை தூக்கவே முடியாத பலவீனம், ஆயிரக்கணக்கில் சிகே என்றால் கதையே வேறு, தசை அழற்சிக்கான சோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் மருத்துவர் சொன்னார்.