சப்வூஃபர் ஃபேஸ் 0-வா, 180-ஆ? சேலம் நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீடு. ஹால் 12க்கு 16 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஸ்பீக்கர்கள் இரண்டும் டிவிக்கு இருபுறமும் இருக்கின்றன. வேறு இடம் இல்லாததால், கனத்த அடித்தொனிக்கென்று உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபரை சோஃபாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கிராஸ்ஓவர், அதாவது ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லை, 80 ஹெர்ட்ஸ்.

தவில் கேட்கும்போதுதான் குறை நன்றாகத் தெரிகிறது. சோஃபாவில் உட்கார்ந்தால் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்து அடி மெலிந்து போகிறது. சமையலறை வாசலில் நின்றால் அதே அடி கும்மென்று வருகிறது. கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று கேட்ட தவில் அது, இப்படி வற்றிப்போவதைக் கேட்க மனசு வரவில்லை.

80 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அதில் பாதி, அதாவது ஏழு அடி தூர வித்தியாசம் வந்தாலே ஸ்பீக்கர் ஒலியும் சப்வூஃபர் ஒலியும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அமுக்கிவிடும். எனக்கு ஸ்பீக்கர் 10 அடியில், சப்வூஃபர் 3 அடியில். கணக்கு அப்படியே பொருந்துகிறது! ஃபேஸை 180-இல் வைத்தால், அதாவது சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கினால், தொப்பி நிறைகிறது, ஆனால் சுருதியில் அதற்குச் சற்று மேலே இருக்கும் ஆண் குரல் மங்குகிறது. சப்வூஃபர் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் சிலர். அது தீர்வாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் ஒவ்வொன்றும் சோஃபாவிலிருந்து இருக்கும் தூரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஃபேஸை 0-விலேயே விடுவதா? இல்லை, 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, சோஃபாவில் சத்தம் அதிகம் வரும் இடத்தில் ஃபேஸை நிறுத்துவதா? எதை முதலில் செய்வது? அப்புறம், சேலத்தில் யாரிடமாவது அளவிடும் மைக் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொண்டு, பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.