புதுப்பிப்பு: ஆல்ட்டோ வாங்கியாச்சு, ஆனால் வாங்கினது அந்தக் கார் சேலில இல்லை

கண்டி வீதிக் கார் சேல் ஒண்டில 30 லட்சத்துக்குள்ள பழைய ஆல்ட்டோ நிக்குது, எடுக்கலாமோ எண்டு முந்தி இங்க கேட்டிருந்தன். அட்வான்ஸ் குடுக்க முதல் சீஆர் புத்தகத்தை (வாகனப் பதிவுப் புத்தகம்) பாக்கச் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கேட்டவுடன முதலாளி போட்டோக்கொப்பிதான் நீட்டினார். விடாமல் கேட்டுப் புத்தகத்தைப் பாத்தால், முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பனியின்ர பேர். "நீங்கள் காசைத் தாங்கோ தம்பி, நாங்கள் லீசிங்கை முடிச்சுத் தாறம்" எண்டார். என்ர காசில அவையின்ர கடனைக் கட்டவோ? வந்திட்டன்.

இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது. பழைய வாகனங்கள் பேர் மாத்தாமலே கைமாறித் திரியுது. 2025இல தனியார் கார்களுக்குத் திறந்தும் வரியால புதுசு எங்களுக்கு எட்டாது. பேர் மாத்தாமல் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோட விக்கிற இந்த ஓப்பின் பேப்பர் வியாபாரத்தில ஏழைச் சனம்தான் மாட்டுது, எனக்கு உண்மையிலேயே கோபம் வருது.

கடைசியில சாவகச்சேரியில ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிட்ட எடுத்தன். புத்தகம் அவற்ற பேரிலயே இருந்தது. மெக்கானிக் அண்ணை செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் புத்தகத்தோட ஒப்பிட்டார். கதவு ரப்பரைக் கழட்டி வெல்டிங் அடையாளம் தேடினார், காப்பெட்டைத் தூக்கித் துரு பாத்தார். என்ஜின் ஆறியிருக்கேக்கதான் ஸ்டார்ட் பண்ணவேணும் எண்டு காலமையே கூட்டிக்கொண்டு போனவர். சூடாக்கி வச்சால் புகை தெரியாதாம்.

பேர் மாத்தப் பத்திரம் குடுத்தாச்சு. முன் பிரேக் பாட் மட்டும் மாத்தவேணும்.