உலக அரசியல் பேச எந்த நாட்டு சர்வரில் கணக்கு வைப்பது?

அரைத்தூக்கம் (கேள்வி)

பெரிய நிறுவனத் தளங்களை விட்டு மாஸ்டடானுக்கு (தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலை) வந்தபின் நான் பேசுவதெல்லாம் போரும் பொருளாதாரத் தடையும்தான். புனைபெயர், முகப்படம்கூட ஒரு பூனை. என் சர்வர் இயந்திரம் ஜெர்மனியில் இருக்கிறது, நடத்துபவர் அமெரிக்கர். இதெல்லாம் ஒரு விஷயம் என்றே இதுவரை நினைத்ததில்லை.

சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு சரியா என்று ஆரம்பித்த ஒரு சண்டை தைவான் நீரிணை வரை போனது. எதிரே இருந்தவர் வாதம் தீர்ந்ததும் பேச்சைத் திருப்பினார்: "அமெரிக்காவைத் திட்டுகிறாய், உன் தனிமடல் முழுக்க ஓர் அமெரிக்கன் கையில்தான் இருக்கிறது." உடனே ஆளாளுக்கு அறிவுரை. ஒருவர் ஸ்விட்சர்லாந்து சர்வருக்குப் போகச் சொல்கிறார். ஒருவர் ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்தைச் சொல்கிறார். இன்னொருவர், இது பரவலாக்கப்பட்ட வலை, எந்த அரசாலும் ஒன்றும் செய்ய முடியாது, சும்மா இரு என்கிறார்.

என்னைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் தன் நாட்டு ராணுவத்தைப் பற்றி வாய் திறந்தாலே சிறை என்ற இடத்தில் இருக்கும் ஒருவரோடு தனிமடலில் நிறையப் பேசியிருக்கிறேன். அவர் கணக்கு வேறு சர்வரில். அந்த மடல்கள் இப்போது யார் யார் கையில் இருக்கின்றன? "பின்தொடர்பவர்களுக்கு மட்டும்" என்று போட்ட பதிவுகளும் கணிசம். சர்வர் நடத்துபவர் யாராவது சொன்னால் நல்லது. கோட்பாடு வேண்டாம், அது தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டது.

கூட்டுவலை விசிறி

இவ்வளவு பயம் தேவையில்லை நண்பரே. 2024 ஆகஸ்ட் கடைசியில் பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒரு உத்தரவு போட்டார், எக்ஸ் தளம் அந்த நாடு முழுக்க நின்றுபோனது. அக்டோபரில்தான் திரும்பி வந்தது. மாஸ்டடானை அப்படி நிறுத்த யாருக்கு உத்தரவு போடுவார்கள்? ஆயிரக்கணக்கான சர்வர், ஆளுக்கொரு நாடு, எல்லோருக்கும் பொதுவான தலைமை அலுவலகம் கிடையாது. அழுத்த ஒரு பொத்தானே இல்லை. உங்களைப் பயமுறுத்தியவர் வாதத்தில் தோற்றுத்தான் அப்படிச் சொன்னார், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரவுக்காவல்

விசிறி சொல்றது தளத்தை மூடுறதைப் பத்தி. கேட்டவர் கேக்குறது மடலைப் படிக்கிறதைப் பத்தி. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. மூட முடியாத வலையில படிக்கிறது சில நேரம் இன்னும் சுலபம், ஏன்னா பிரதி நிறைய இடத்துல கிடக்கும்.

நான் ஒரு சின்ன சர்வர் நடத்துறேன். என் கண்ணுக்கு என்ன தெரியும்னு மொதல்ல சொல்லிடறேன். நிர்வாகத் திரையில உங்க தனிமடல் நேரா வராது, யாராவது புகார் பண்ணா அந்தப் புகார்ல இணைச்ச மடல் மட்டும் வரும். ஆனா டேட்டாபேஸைத் திறந்தா எல்லாமே சாதாரண எழுத்தா கிடக்கு. மாஸ்டடான் தனிமடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு, கிடையாது. நான் படிக்கிறதில்லை. படிக்கலைங்கிறதுக்கு உங்களுக்கு என் வார்த்தையைத் தவிர வேற ஆதாரமும் கிடையாது. எதிர்முனையில இருக்கிறவரோட சர்வரை நடத்துற அட்மினுக்கும் இதேதான். ஆக உங்க மடல் ரெண்டு சர்வர்லயும் முழுசா இருக்கு, அது போக ரெண்டு பேர் எடுத்து வச்ச பேக்கப்லயும் இருக்கும்.

பேக்கப்புன்னு ஏன் தனியா சொல்றேன்னா, 2023 மே மாசம் கலெக்டிவான்னு ஒரு மாஸ்டடான் சர்வரோட அட்மின்கள்ல ஒருத்தர் வீட்டுல எஃப்பிஐ சோதனை போட்டாங்க. சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத விவகாரம். அவர் அந்த நேரம் பார்த்து ஏதோ பழுது பார்க்கிறதுக்காக டேட்டாபேஸ் பிரதி ஒண்ணைப் பூட்டாம கையில வச்சிருந்தார். எடுத்துட்டுப் போன சாமான்ல அதுவும் போச்சு. மின்னஞ்சல் முகவரி, ஹாஷ் பண்ணின (நேரா படிக்க முடியாதபடி மாத்தின) பாஸ்வேர்ட், பதிவுகள், தனிமடல்கள் எல்லாம் அதுல. ஒரே ஒரு ஆறுதல், அவங்க ஐபி முகவரியை (எந்த இணைய இணைப்புலேர்ந்து உள்ளே வந்தீங்கன்னு காட்டுற எண்) மூணு நாள்ல அழிக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. மாஸ்டடான்ல இயல்பா வர்ற அமைப்பு ஒரு வருஷம் வரைக்கும் வச்சிருக்கும். உங்க அட்மின் கிட்ட கேக்க வேண்டிய மொதல் கேள்வி இதுதான்: ஐபி எத்தனை நாள் வைக்கிறீங்க, பேக்கப் பூட்டியிருக்கா? எந்த நாட்டுக்காரர்னு அப்புறம் கேளுங்க.

சரி, நாடு. "என் சர்வர் ஜெர்மனியில இருக்கு"ன்னா இரும்புப் பெட்டி அங்க இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். நடத்துறவர் அமெரிக்கச் சட்ட எல்லைக்குள்ள வர்ற சேவையாளர்னா, 2018-ல வந்த கிளவுட் சட்டம் டேட்டா எந்த நாட்டுல கிடக்குதுன்னு பார்க்காது, அவர் கட்டுப்பாட்டுல இருந்தா கொடுன்னு கேக்கலாம். உங்களோட சண்டை போட்டவர் அந்த மட்டும் சரியாத்தான் சொல்லியிருக்கார், எரிச்சலா இருந்தாலும். டொமைன் பெயர், அதாவது சர்வரோட இணைய முகவரி, இன்னொரு நாட்டு விவகாரம். குயர் டாட் ஏஎஃப்னு ஒரு சர்வர் இருந்துச்சு, பேரு பார்க்க நல்லா இருக்குன்னு எடுத்தது. ஏஎஃப் ஆப்கானிஸ்தானோட குறியீடு. 2024 பிப்ரவரியில தாலிபான் ஆட்சி அந்தப் பெயரை முடக்கிடுச்சு. மாலி நாட்டு அரசு 2023-ல தன் நாட்டுக் குறியீடான எம்எல் டொமைன் நிர்வாகத்தைத் தன் கையில எடுத்தப்போ, இதே வலையில லெம்மிங்கிற விவாத மன்ற மென்பொருள்ல ஓடுன சர்வர் ஒண்ணு ராத்திரியோட ராத்திரியா பேரை இழந்துச்சு. பெட்டி பத்திரமா இருந்தும் பிரயோஜனமில்லை. இந்த வலையில பெயர் போனா அடையாளமே போன மாதிரி, மத்த சர்வருக்கெல்லாம் உங்களை அந்தப் பேர்லதான் தெரியும்.

இதையெல்லாம் விட யாரும் பேசாத நாடு ஒண்ணு இருக்கு. உங்களோட வாதம் பண்றவரோட சர்வர் இருக்கிற நாடு. நீங்க பதில் போட்ட நிமிஷம் பிரதி அங்க போயிடுது. ஸ்விட்சர்லாந்துக்கு நீங்க குடிபோனாலும் போகும். அழிச்சா அழிக்கச் சொல்லி ஒரு செய்திதான் போகும். அந்த சர்வர் அப்போ தூங்கிட்டு இருந்தாலோ, மதிக்காம விட்டாலோ பிரதி அப்படியே கிடக்கும். உலக அரசியல் பேசுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நீங்க சண்டை போடுறதே வேற வேற நாட்டு ஆளுங்களோடதானே.

"பின்தொடர்பவர்களுக்கு மட்டும்" விஷயம். ஒப்புதல் கேட்கிற அமைப்பைப் போட்டிருக்கீங்களா? இல்லைன்னா யார் வேணும்னாலும் பின்தொடரலாம், பின்தொடர்ந்தா படிக்கலாம், பூட்டே கிடையாது. போட்டிருந்தாலும் மறுமுனை மென்பொருள் மதிக்கணும். 2025 மார்ச்சுல, மாஸ்டடானோட பேசிக்கிற படப் பகிர்வு மென்பொருளான பிக்ஸல்ஃபெட்ல ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. பூட்டிய கணக்கு ஒண்ணை அந்த சர்வர்ல ஒருத்தர் முறையா பின்தொடர்ந்தா போதும், அதே சர்வர்ல இருக்கிற இன்னொருத்தர் ஒப்புதல் இல்லாமலே பூட்டிய பதிவைப் படிக்க முடிஞ்சது. எழுதினவர் பிக்ஸல்ஃபெட் பக்கமே போயிருக்க மாட்டார். அவர் மாஸ்டடான்ல உக்காந்துக்கிட்டு நம்ம பதிவு பூட்டியிருக்குன்னு நினைச்சுட்டு இருந்திருப்பார்.

உங்க நண்பருக்காக இன்னொண்ணு. தனிமடல்ல மூணாவது ஆளைப் பத்திப் பேசும்போது அவர் கணக்குப் பெயரை அட் (@) குறி போட்டு எழுதினீங்கன்னா மடல் அவருக்கும் போயிடும். இது பழுது இல்லை, அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. ஒரு அதிகாரியையோ அரசு ஊடகத்தையோ அந்த மாதிரிக் குறிப்பிட்டீங்களான்னு இன்னைக்கே தேடிப் பாருங்க.

முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிற சிக்னல் செயலிக்குப் போங்க. உடனே. மீதி எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

நீலக்கதவு

இரவுக்காவல் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் ப்ளூஸ்கையை யாரும் பேசாமலே கடந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

ப்ளூஸ்கையில் பூட்டிய பதிவு என்ற வசதியே கிடையாது. பதிவு, விருப்பக்குறி, யாரை யார் தடுத்திருக்கிறார் என்ற பட்டியல் எல்லாம் பொதுவெளி. 2024 நவம்பரில் ஹக்கிங் ஃபேஸ் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பத்து லட்சம் ப்ளூஸ்கை பதிவுகளைத் திரட்டி ஆய்வுக்கென்று வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார். ஆனால் திரட்ட எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பூட்டு இல்லை என்று தெரிந்த இடத்தில் ஆள் அளந்து பேசுவான். மாஸ்டடானில் பூட்டு மாதிரி ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், அதை நம்பித்தான் கேள்வி கேட்டவர் இங்கே வந்து நிற்கிறார்.

அரசுகளைப் பொறுத்தவரை ப்ளூஸ்கைக்கு முகவரி இருக்கிறது, ஆகவே அழுத்தமும் வருகிறது. 2025 ஏப்ரலில் துருக்கி கேட்டதால் 72 கணக்குகளை அந்த நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு மறைத்தார்கள். ஆனால் மறைத்தது அதிகாரபூர்வச் செயலி மட்டும். அதே வலையைக் காட்டும் வேறு செயலிகள், மறைக்கச் சொல்லி அந்தக் கணக்குகள் மேல் ஒட்டிய குறிச்சீட்டைப் பின்பற்றக் கட்டாயமில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் எல்லோரிடமும் வயதுச் சான்று கேட்டபோது, ப்ளூஸ்கை அந்த மாநிலத்துக்கான சேவையையே நிறுத்தியது. உலக அரசியல் என்றால் துருக்கியும் சீனாவும் மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

கூட்டுவலை விசிறி

அப்படியென்றால் நாஸ்டர் என்ற வலை? அங்கே சர்வரில் கணக்கே கிடையாது, கையில் ஒரு சாவி, அவ்வளவுதான்.

இரவுக்காவல்

சாவி உங்க கையில, செயலி வேற ஒருத்தர் கடையில. டேமஸ்னு ஒரு நாஸ்டர் செயலி 2023 பிப்ரவரியில ஆப்பிள் கடைக்கு வந்துச்சு, ஓரிரு நாள்லயே சீனாவுல எடுத்துட்டாங்க. சாவி திருடு போனா மாத்தித் தர ஆள் கிடையாதுங்கிறதையும் சேர்த்துக்குங்க. நான் நாஸ்டருக்கு எதிரி இல்லை, ஆனா மாட்டிக்கிட்டா சிறைக்குப் போற ஒரு மனுஷருக்கு இதைப் பரிந்துரைக்க மனசு வரலை.

நீலக்கதவு, பூட்டுப் படம்ங்கிறது சரியான குத்து, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், எல்லாமே பொதுவெளிங்கிறது உங்களுக்கும் எனக்கும் நேர்மையா படும். தடுப்புப் பட்டியல் பொதுவில இருக்கிறது அரசியல் பேசுறவனுக்கு எவ்வளவு சங்கடம்னு யோசிச்சீங்களா? அரசு ஆதரவுக் கணக்குகளை யார் தடுத்திருக்காங்கன்னு திரட்டினா எதிர்ப்பாளர் பட்டியல் தயார். அதைச் செய்ய போலீஸ் வேண்டாம், பொழுது போகாத ஒருத்தன் போதும்.

சர்வருக்குச் சர்வர் தடுக்கிறதும் உலக அரசியல்தான், அதை மறந்துடறோம். 2017-ல ஜப்பானின் பிக்ஸிவ் நிறுவனம் பாவூன்னு ஒரு மாஸ்டடான் சர்வர் தொடங்கினதும் அங்க சட்டப்படி செல்லுபடியான சில ஓவியங்கள் ஐரோப்பாவுல குத்தம்னு ஆச்சு. மேற்கத்திய சர்வர்கள் வரிசையா துண்டிச்சுக்கிட்டாங்க. 2019-ல காப்ங்கிற அமெரிக்கத் தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறினப்போ மறுபடியும் கூட்டமாத் துண்டிச்சாங்க. உங்க அட்மின் நாளைக்கு ஏதோ போர் விஷயத்துல கோபம் வந்து இன்னொரு சர்வரைத் துண்டிச்சா, அங்க இருக்கிற உங்க ஆளுங்க எல்லாரும் உங்களைக் கேக்காமலே போயிடுவாங்க. அதனால சர்வரோட விதிமுறைப் பக்கத்தையும் தடுத்த சர்வர் பட்டியலையும் படிச்சுட்டு இடம் தேடுங்க. எனக்கு அது வரைபடத்தை விட முக்கியம்.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. நண்பரோடு சிக்னலுக்கு மாறிவிட்டேன். அட் குறி போட்ட மடல் ஒன்று இருந்தது. நல்லவேளை, அது செயலற்றுக் கிடக்கும் ஒரு கணக்கு. அட்மினுக்கு எழுதிக் கேட்டேன், ஐபி பற்றிய பதில் இன்னும் வரவில்லை. இரண்டு சந்தேகம். பதிவுகள் தானாக அழியும் அமைப்பைப் போட்டேன், தனிமடல்கள் அப்படியே இருக்கின்றனவே, ஏன்? சர்வர் மாறினால் "கணக்கை நகர்த்து" வசதியைப் பயன்படுத்தலாமா?

இரவுக்காவல்

அந்த அமைப்புக்குக் கீழ விதிவிலக்குப் பட்டியல் ஒண்ணு இருக்கும். அதுல "தனிமடல்களை வைத்திரு" இயல்பாவே டிக் ஆகி இருக்கும். டிக்கை எடுத்துடுங்க. உங்க பக்கம் அழியும், அவர் சர்வர்ல அழியுமாங்கிறது மேல சொன்ன கதைதான். அவரையும் அவர் பக்கம் அழிக்கச் சொல்லுங்க.

நகர்த்துறது பத்தி: பின்தொடர்பவர்கள் கூட வருவாங்க, பழைய பதிவுகள் வராது. அது பெரிய விஷயமில்லை. பழைய கணக்குப் பக்கத்துல "இவர் இங்கே நகர்ந்துவிட்டார்"னு புதுப் பேரோட எழுதித் தொங்கும், எல்லாரும் பார்க்கலாம். அட்மின் மேல நம்பிக்கை போயிடுச்சு, அதே ஆளாத் தொடரலாம்னா நகர்த்துங்க. பழைய ஆளும் புது ஆளும் ஒண்ணுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னா அந்த வசதியைத் தொடாதீங்க. வேற மின்னஞ்சல், வேற பேரு, யாரையும் கூட்டிட்டு வராதீங்க. பூனைப் படத்தையும் மாத்துங்க.